நாலு விரல் மணல்

கல்முனைக் கரையிற் பிறந்த ஒருவன் பனி வழிப்பதைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கு இடமானதே. மார்கழி விடியலிற் புல்நுனியில் தங்கும் நீர்த்துளியையே நாம் பனி என்கிறோம்; தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டால் அதனை வென்றுவிடலாம். ஆயினும் பனி பற்றிய ஒரு கேள்வி ஈராண்டுகளாக என்னை விடாது தொடர்கின்றது. அதற்கு நான் பாதி விடையே சொல்லியிருக்கிறேன். மற்றப் பாதியை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

கேள்வியைக் கேட்டவன் என் தம்பி. அவன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், முதிய விவசாயி ஒருவரின் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு எடுத்து வாழ்கிறான். வாடகையின் ஒரு பகுதியை உழைப்பாகக் கொடுப்பதென்பது இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. பெருந்தெருவிலிருந்து வீடுவரை இருநூறு யார் நீளத்துக்குக் கிறவல் பாதை ஒன்று செல்கிறது. அதில் விழும் பனியை, கொட்டிலில் நிற்கும் பழைய உழவு இயந்திரத்தைக் கொண்டு வழித்து ஒதுக்குவது அவன் பொறுப்பு. சிவப்பு நிற மெசி பேர்குசன் 35. அதனைக் கண்ட அன்றே என்னை அழைத்து, "காக்கா, நம்மட மிசின் இஞ்ச நிக்கிது" என்றான்.

பனி வழிப்பதில் உள்ள நுட்பங்களை அவன் எனக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறான். பருவத்தின் முதல் ஓரிரு பனியை வழிப்பதில்லையாம். சில்லுகள் ஏறி நெரித்து, குளிரில் இறுகி, கிறவலுக்கு மேல் அது ஒரு தளமாகும்வரை விட்டுவிடுவர். அதன் பின்னரும் இரும்புப் பலகையைத் தரையோடு தரையாக இறக்குவதில்லை. ஓரங்குலமாவது உயர்த்தி வைத்தே இழுப்பர். இல்லையேற் பனியோடு கிறவலும் வந்து புல்வெளியிற் குவியும். இளவேனிலில் அதனை வாரிப் பாதைக்கே திருப்பவேண்டிவரும். வழித்த பனியை முதன்முறையிலேயே வெகுதூரம் தள்ளிவிடவேண்டும். பாதை ஓரத்திலேயே குவித்தால் அது பாறையாக இறுகிவிடும். தையிலும் மாசியிலும் விழும் பனிக்கு இடமிராது. பனிக்காலம் தொடங்குமுன் பாதையின் இருமருங்கும் கம்புகள் நாட்டப்படும். எல்லாம் வெண்மையாய் மூடிய பின்னர் பாதை எது பள்ளம் எது என்பதை அக்கம்புகளே சொல்லும்.

பலகையை உயர்த்தும் விடயத்தை அம்முதியவர் விளக்கத் தொடங்கியபோது, அது தனக்கு முன்னரே தெரியும் என்று தம்பி சொன்னானாம். அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "வாப்பா நாலு விரல் உட்டுத்தானே மண் வழிப்பாரு. இவங்க ஒரு அங்குலம் போதும் எண்டுறாங்க. வாப்பா ஏன் காக்கா நாலு விரல் உட்டவரு? கிறவலுக்காகத்தானா?"

"கிறவலுக்காகத்தான்" என்றேன்.

எங்கள் மிசினைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கிழக்கிலே உழவு இயந்திரத்தை அப்பெயரால் அழைப்பவர் அரிது. மிசின் என்றால் அது ஒன்றுதான். 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் ஓடத் தொடங்கிய பின்னர், எங்கள் கரையோரப் போடிமாரின் வட்டைகளிலும் எருமைகளின் இடத்தை மிசின்கள் மெல்ல மெல்லப் பிடித்தன. உழுவதும் மிசின், சூடடிப்பதும் மிசின், பெட்டி பூட்டினால் நெல்லும் மணப்பெண்ணின் சீதனமும் ஏற்றுவது மிசின் என்றாயிற்று. என் மூத்தவாப்பா போடியார் அல்லர். எட்டு ஏக்கர் காணியும் ஓயாத வாயும் உடையவர். அறுபதுகளின் நடுப்பகுதியில், மைத்துனரோடு கூட்டாக, பாவித்த மெசி பேர்குசன் 35 ஒன்றை வாங்கினார். கூட்டு இரண்டு போகத்தில் முறிந்தது. மிசின் மட்டும் எங்கள் வீட்டிலே தங்கிவிட்டது.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவான இயந்திரம் அது. அதன் பெயரின் முற்பாதி கனடாவுக்கு உரியது: 1847இல் டானியல் மெசி என்பவர் ஒன்ராறியோவிலே தொடங்கிய பட்டறையின் வழிவந்தது. பிற்பாதி ஹரி பேர்குசன் என்னும் ஐரிஷ்காரருடையது. கலப்பையை இயந்திரத்தின் பின்னே மூன்று புள்ளிகளிற் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதனை ஏற்றி இறக்கும் அமைப்பு அவருடைய கண்டுபிடிப்பு. பனிக்கும் இவ்வினத்து இயந்திரங்களுக்கும் பழைய உறவுண்டு. 1958 ஜனவரி 4ஆம் திகதி எட்மண்ட் ஹிலரி தென்துருவத்தை அடைந்தது, சங்கிலிச் சில்லுப் பூட்டிய பேர்குசன் உழவு இயந்திரங்களிலேயே. எவரெஸ்ட் ஏறியவர் துருவத்துக்கு மிசினிற் போனார் என்ற செய்தியை வாப்பா எங்கோ கேட்டிருந்தார். டீசல் வாங்கப் போகும் வழியிற்கூட அதனைச் சொல்வார்.

அவ்வமைப்பின் சிறப்பு இதுதான். கொழு இறுகிய மண்ணிற் பட்டு இழுவை கூடினால், மேலே உள்ள இணைப்புத் தண்டு அதனை உணர்ந்து, கலப்பையைத் தானாகவே சற்று உயர்த்தச் செய்யும். மண் இளகியதும் மீண்டும் இறக்கும். இருக்கையின் வலப்புறத்தே இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று இவ்வாறு இழுவையைக் கேட்டு நடப்பது. மற்றது நாம் வைத்த உயரத்திலேயே நிற்பது. "இது மண்ணோட பேசுற மிசின்" என்பார் வாப்பா. ஆனால், அந்தப் பேச்சு முன்னோக்கி இழுக்கும்போது மட்டுமே. பின்னோக்கித் தள்ளும்போது தண்டின் மேல் விழும் விசை திசை மாறிவிடும். அப்போது மிசின் கேட்பதை நம்பவியலாது, ஓட்டுபவனே கேட்கவேண்டும். இதனைப் பின்னாற் சொல்லப்போவதற்காகவே இங்கு குறித்தேன்.

மருதமுனையில் எங்கள் வீடு பிரதான வீதிக்கு அண்மையில் இருந்தது. அங்கிருந்து கடலை நோக்கி நூற்றைம்பது யார் தூரம் ஒரு கிறவல் ஒழுங்கை சென்றது. இருமருங்கும் நெருங்கிய வீடுகள். இடையிடையே தறிக் கொட்டில்கள். மருதமுனைச் சாரம் எங்கெல்லாம் விற்பனையாகிறது என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு மாரியிலும் மழைநீரும் காற்றும் கரைமணலைக் கொண்டுவந்து ஒழுங்கையிற் பரப்பும், சைக்கிள் புதையும், பள்ளிக்குப் போகும் முதியவர்கள் செருப்பைக் கையிலெடுப்பர். வாப்பா கொல்லன் பட்டறையிற் செய்வித்த ஆறடி இரும்புப் பலகையை மிசினின் பின்னே பூட்டி, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் அதனை வழித்துவிடுவார். அக்காலத்தில் அவர் விட்டுவைத்தது ஓரங்குலமே. கனடாவின் முதியவருக்கும் அவருக்கும் இவ்விடயத்திற் கருத்து வேறுபாடு இருந்திராது. நாலு விரல் என்பது பின்னாள் வழக்கம். தம்பி அப்பின்னாளையே அறிந்தவன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் அன்று கைக்குழந்தைகளாக இருந்திருப்பர், அல்லது பிறந்திருக்கவே மாட்டார்கள். சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் கடல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்ட அளவில் மிகக் கூடிய இழப்பு அம்பாறையுடையது, 10,000ஐத் தாண்டியது. அந்தக் காலையை நான் விவரிக்கப்போவதில்லை. பலர் எழுதியிருக்கிறார்கள், எழுதத் தகுதியுடைய பலர் எழுத எஞ்சவுமில்லை. எங்கள் வீட்டில் நீர் இடுப்பளவு வந்து திரும்பியது. நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். தம்பிக்கு அப்போது எட்டு வயது. அன்று மாலையே அவனைச் சம்மாந்துறைக்கு, மாமி வீட்டுக்கு அனுப்பினோம். மிசின் பிரதான வீதிக்கு மேற்கே, வயற்பக்கத்துக் கொட்டிலில் நின்றது. உழவு முடிந்து, சூடடிப்புக்கு இன்னும் இரு மாதம் இருந்த காலம். அதன் மேல் ஒரு துளி உப்புநீர் படவில்லை.

ஒழுங்கை இருந்த இடத்தில் மணல் இருந்தது. சில இடங்களிற் கணுக்கால் அளவு, சில இடங்களில் முழங்கால் அளவு. அதற்குள் ஓடும் கூரைத்தடியும் தறிச்சட்டமும் சட்டிபானையும் கலந்து கிடந்தன. வேலிகளும் மதில்களும் போய்விட்டமையால் எது ஒழுங்கை, எது வளவு என்று தெரியவில்லை. கம்பு நாட்டிவைக்க எவருக்கும் அறிவித்தல் கிடைத்திருக்கவில்லை. சாய்ந்தும் விழாது நின்ற இரண்டு மின்கம்பங்களையும் ஒரு கிணற்றுக் கட்டையும் அடையாளமாகக் கொண்டு, வாப்பா காலால் அளந்து ஒழுங்கையை மீட்டார்.

பிறகு அவர் செய்த காரியம் அன்று எனக்கு விளங்கவில்லை. பலகையைக் கழற்றி முகம் மாற்றிப் பூட்டினார். வழமைபோல் முன்னோக்கி ஓட்டிப் பின்னே வழிக்காமல், பின் கியரிற் போட்டு, பலகை முன்செல்லும்படி கடலை நோக்கித் தள்ளத் தொடங்கினார். எரிச்சலோடு காரணம் கேட்டேன். முன்னோக்கிப் போனால் வழியாத மணலிற் சில்லுதான் முதலில் ஏறும் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. சில்லு ஏறக்கூடாதவை அந்த மணலுக்குள் இருந்தன.

அவர் தள்ள, நான் பலகைக்கு ஆறேழு அடி முன்னே நடந்து, கம்பியொன்றால் மணலைக் குத்திப் பார்த்தேன். கம்பி கிறவலிற் பட்டால் ஒரு சத்தம். மரத்திற் பட்டால் ஒரு சத்தம். சத்தமின்றி நின்றால் கையை உயர்த்துவேன். மிசின் நிற்கும். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டுவோம். முதல் இரண்டு நாட்களில் நாற்பது யார் திறந்தோம். அந்த நாற்பது யாரில் நாங்கள் தோண்டி எடுத்தவர்களின் தொகையை நான் எழுதமாட்டேன். எல்லோரையும் எங்களுக்குப் பெயரால் தெரியும்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஒழுங்கையின் கீழ்க்கோடியில், விழுந்துகிடந்த கொங்கிறீற்றுத் தட்டு ஒன்றின் கீழே இரு பெண்கள் கிடக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று. உயிருக்கு வாய்ப்பில்லை, ஆயினும் எடுத்து அடக்கவேண்டும். தட்டை உயர்த்தப் பெக்கோ இயந்திரம் ஒன்று ஒழுங்கை முகப்புக்கு வந்துவிட்டது. அதுவே மணலை வாரிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று சிலர் சொன்னார்கள்; வாரியில் அள்ளுபடுவது மணல் மட்டுமாக இராது என்று மற்றையோர் மறித்தார்கள். பெக்கோக்காரர் நல்ல மனிதர். "லுஹருக்குள்ள பாதய உட்டிட்டா வாறன். இல்லாட்டி அடுத்த ஊரிலயும் இப்படித்தான் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். அவரிற் பிழை சொல்ல முடியாது.

வாப்பா டீசல் தேடி மேற்கே போயிருந்தார். நான் மிசினில் ஏறினேன். கம்பி பிடிக்க ஒரு பொடியன் வந்தான். சற்று நேரத்தில் யாரோ கூப்பிட, அவனும் போய்விட்டான். நான் தொடர்ந்தேன். அடுக்கடுக்காக வழிக்க நேரமில்லை என்று, உயரம் வைக்கும் பிடியை முழுவதும் கீழே தள்ளி, பலகையைக் கிறவலோடு சேர இறக்கினேன். பின்னே திரும்பிப் பார்த்தபடியே ஓட்டும் வேலை அது. அவ்வாறு பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் என் கண்ணிற் பட்டார். தட்டுக்குக் கீழே கிடந்தவர்களில் ஒருவரின் கணவர். உடைந்த மதிலொன்றின் மேல் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெதிப்படுத்தவில்லை, கையும் காட்டவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பது யார் தாண்டிய இடத்தில் பலகை எதிலோ பட்டது. கல்லாயின் உடனே அதிர்ந்திருக்கும்; மரமாயின் முறிந்திருக்கும். இது மெத்தென்று தடுத்தது. இயந்திரத்தின் ஒலி தாழ்ந்தது. எனக்குத் தெரிந்தது. அறியாமற் செய்தேன் என்று எழுதினால் அது பொய். தெரிந்த பின்னரும் என் கால் கிளச்சை மிதிக்கவில்லை. இன்னும் இரண்டு யார் போனேன். எதற்காக என்று இந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ விடைகளை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேரம், தட்டு, மதில்மேல் இருந்தவர். ஒவ்வொன்றும் உண்மை, ஆயினும் நின்றிருக்க ஒரு கணம் போதுமாக இருந்தது.

நின்றபோது பலகையின் மூலையில் துணி தெரிந்தது. பச்சையும் கத்தரிப்பூ நிறமும். இறங்கினேன். கால்கள் என்னுடையவை போலிருக்கவில்லை. கையாற் கிண்டினேன். நூல் வந்தது. மேலும் நூல். முழங்கை நீளத்துக்குத் திரண்டு, மணலும் நீரும் ஊறிப் பாரமேறிய நூற்பாவு ஒன்று. தறியோடு பிய்ந்து வந்தது. அதன் கீழே நாலா பக்கமும் தோண்டினேன். கிறவல்தான் இருந்தது.

அந்தப் பாவு அயல்வீட்டு மாமியுடையது. அவருடைய தறிக் கொட்டில் அவ்விடத்தில்தான் நின்றது. அவருடைய இளைய மகளை மூன்று நாட்களாகக் காணவில்லை. நான் நின்றதையும் இறங்கியதையும் கண்டு அவர் ஓடிவந்தார். நூலைப் பார்த்தார், நான் தோண்டிய குழியைப் பார்த்தார்.

"வேற ஒண்டும் இல்லியா மனே?"

"இல்ல மாமி."

அக்குரலில் இருந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று என்னாற் பிரித்தறிய முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது. நூலைச் சிக்கெடுப்பவர் போல மெல்ல மெல்ல இழுத்து முந்தானையிற் சேர்த்துக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை இன்றுவரை கிடைக்கவில்லை.

வாப்பா டீசற் கலனோடு வந்தபோது நான் மிசினுக்கு அருகே நின்றேன். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வழித்த தடம் முன்னால் கிடந்தது. கிறவல் வெறுமையாய்ச் சிவந்து தெரிந்தது. பலகை தடுமாறிய இடமும், அதன் பின் இரண்டு யார் இழுபட்ட தடமும் தெளிவாக இருந்தன. உழவுகாரருக்கு மண்ணின் மேல் உள்ள தடம் எழுத்தைப் போன்றது. அவர் அதனைப் படித்தார். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். அவர் குனிந்து, வலக்கையின் நாலு விரல்களைச் சேர்த்துக் கிறவலின் மேற் பக்கவாட்டாக வைத்தார்.

"இவ்வளவு உடு மனே. அதுக்குக் கீழ உள்ளத கையால பாப்பம்."

பிறகு மிசினில் ஏறி, பிடியை அந்த உயரத்துக்கு வைத்து, என்னைக் கம்பியோடு முன்னே அனுப்பினார். லுஹர் கடந்தது. பெக்கோக்காரர் காத்திருந்தார், எவர் கேட்டுக்கொண்டதற்காக என்று நான் அறியேன். அசருக்குச் சற்று முன் அவர் உள்ளே போனார். மஃரிபுக்கு முன் அவ்விருவரையும் அடக்கினோம்.

மறு ஆண்டிலிருந்து மாரி மணலை வழிக்கும்போதெல்லாம் வாப்பா நாலு விரல் விட்டே வழித்தார். அயலவர் முறைப்பட்டனர், சைக்கிள் முன்போலவே புதைந்தது. உம்மாகூட, "இதுக்கு வழிக்காமலே உட்டிருக்கலாம்" என்றார். அவர் பிடியை இறக்கவில்லை. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் வீடு கட்டக்கூடாதென அக்காலத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. பின்னர் அது தளர்ந்தது. சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. மாமி இப்போது வேறு குடியிருப்பில் வாழ்கிறார். வாப்பா 2016இல் மௌத்தானார். ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இட்டாயிற்று. அதில் மணல் தங்கினாலும் விளக்குமாறு போதும். மிசின் கொட்டிலில் நிற்கிறது. மாதம் ஒருமுறை நான் அதனை இயக்கி நிறுத்துகிறேன்.

சென்ற பனிக்காலத்தில் ஓர் இரவு தம்பி அழைத்தான். அங்கே பகல். கைத்தொலைபேசியை மிசினின் மேல் எங்கோ பொருத்தியிருந்தான். வெண்மையும், சிவப்பு மூடியும், வாப்பாவைப் போலவே இடது தோளைச் சாய்த்துத் திரும்பிப் பார்க்கும் அவனுடைய முகமும் தெரிந்தன. பேசிக்கொண்டே வழித்தான். திடீரென்று பேச்சு நின்றது. இயந்திரத்தின் ஒலி தாழ்ந்து, பிறகு அமைதி. இறங்கிப் போனான். வெண்மையை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, பிள்ளைகள் பனியிற் சறுக்கி விளையாடும் பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அயல்வீட்டுச் சிறுவன் விட்டுப்போனது, பனிக்குள் மூடிக் கிடந்ததாம்.

"தட்டுப்பட்டதும் நிப்பாட்டினியா?" என்று கேட்டேன்.

"நிப்பாட்டாம?" என்றான்.